எதிர்பார்ப்போர் பேரவையும் சோமசேகரத்தின் செருப்பும்

உலகத்தில் சனங்கள் படம் பார்ப்பதற்குச் சங்கம் வைத்திருப்பார்கள், பார்த்த படத்தைப் பற்றிச் சண்டைபிடிப்பதற்கும் வைத்திருப்பார்கள். படத்தை எதிர்பார்ப்பதற்கென்றே ஒரு பேரவை வைத்து, தலைவர், செயலாளர், போஷகர், மகளிர் அணி என்று ஆள்போட்டு, ஒலிபெருக்கி கட்டி நடத்துகிற கெட்டித்தனம் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருக்கிற எங்களுக்குத்தான் வாய்த்தது. நம்பாதவர்கள் கடற்கரை வீதிப் பக்கம் பேரவை எடுத்திருக்கிற மேல்மாடிக்கு ஏறிப் பார்க்கலாம். பெரிய வெள்ளைத் திரை ஒன்று தொங்கும். அதற்கு முன்னால் வரிசை வரிசையாகக் கதிரைகள் போட்டிருக்கும். அந்தத் திரையில் மின்விசிறியின் நிழலைத் தவிர இன்றுவரை வேறொன்றும் ஆடியதில்லை.

பேரவையின் முழுப்பெயர் 'திருகோணமலை மாவட்ட வரவிருக்கும் திரைப்படங்களை எதிர்பார்ப்போர் பேரவை'. சின்னம், இலவமரத்தில் குந்தியிருக்கும் ஒரு கிளி. போர்டு எழுத வந்தவன் விஷமத்துக்குத்தான் அதைக் கீறினான் என்று ஊரில் ஒரு கதை. தலைவர் பரநிருபசிங்கமோ அதைப் பார்த்துக் கண்கலங்கி, இந்தக் கிளியின் பொறுமை எங்கள் எல்லாருக்கும் வரவேண்டும் என்று சொல்லி அன்றைக்கே ஏற்றுக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற உதவி ஆணையாளர். எதற்கு ஆணையாளராக இருந்தார் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் கோட்டுப் போட்டால் வடிவாக இருப்பார், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். ஒரு பேரவைக்கு வேறென்ன வேண்டும்?

பாலையூற்றில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்த சோமசேகரத்துக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையே இல்லை. மனுசன் படம் பார்க்கிற ஆளல்ல. தியேட்டருக்குள் போனால் முதல் பாட்டுக்கு முதலே நித்திரையாகிவிடுவார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம், அந்தப் படத்திலும் ஒரே ஒரு இடம். அந்த இடத்தில் அவருடைய மனைவி கமலாதேவி சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

கமலாதேவிக்குச் சிரிப்பு வந்தால் உடனே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவாள். முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறி நிற்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வெட்கம். கமராவைக் கண்டால் அந்தச் சிரிப்பும் இல்லை, முகம் கல்லாகிவிடும். கலியாணப் படத்தில் ஓமப்புகை கண்ணில் அடித்த முகம். அடையாள அட்டையில் பொலிஸ் பிடித்துவைத்த முகம். இவ்வளவு காலக் குடும்ப வாழ்க்கையில் அவள் பல் தெரியச் சிரித்த படம் ஒன்றுகூட வீட்டு அலுமாரியில் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் இந்தியாவிலிருந்து படமெடுக்கிறவர்கள் வந்து இறங்கினார்கள். துறைமுக ஜெட்டியில் நின்று கப்பலை வழியனுப்புகிற சனக்கூட்டம் வேண்டுமென்று ஆள் சேர்த்தார்கள். மத்தியானம் புரியாணி என்றதும் பாலையூற்றில் பாதிச் சனம் போனது. கமலாதேவியின் ஒரு கையில் தகரப் பெட்டியைக் கொடுத்தார்கள், மற்றக் கையில் ஆட்டுவதற்கு ஒரு கைலேஞ்சித் துணியைக் கொடுத்தார்கள். சோமசேகரத்திடம் ஒன்றும் கொடுக்கவில்லை, அழுதுகொண்டு கைகாட்டினால் போதும் என்றார்கள். அவர் சொன்ன வேலையை மனம்வைத்துச் செய்கிறவர். துள்ளித் துள்ளிக் கைகாட்டியதில் கால்செருப்பு கழன்று, மேலே பறந்து, சுழன்றுபோய்க் கடலில் விழுந்தது. பக்கத்தில் நின்ற கமலாதேவிக்குச் சிரிப்பு வெடித்தது. பொத்துவதற்கு அவளிடம் கை இல்லை. ஏறின பல்லும் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, உடம்பு குலுங்கச் சிரித்தாள். 'அந்த அம்மா முகத்த எடு, எடு' என்று டிரெக்டர் கத்தியது சோமசேகரத்துக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த மாரியில் டெங்குக் காய்ச்சல் வந்து கமலாதேவியைக் கொண்டுபோய்விட்டது. அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டார்கள். காலையில் கடையைத் திறக்கமுதல் சோமசேகரம் அதற்கு விளக்கு வைப்பார். வைக்கிற நேரமெல்லாம், இது அவள் இல்லையே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவள் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் சிரித்துக்கொண்டு இருக்கிறாள், படம் வந்தால் கண்டுவிடலாம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் இராகுலன் வந்தான். கமலாதேவியின் தம்பி மகன். தாயைச் சின்னதிலேயே தின்றவன் என்று சொந்தக்காரர் கரிச்சுக்கொட்டிய பிள்ளையை, கமலாதேவிதான் இழுத்துவந்து தன் கையால் ஊட்டி ஆளாக்கினாள். இப்போது ஒரு கந்தோரில் நல்ல வேலை, பேரவையில் செயலாளர் பதவி. பேரவை வருடாவருடம் வெளியிடுகிற 'அதிகம் எதிர்பார்க்கப்படும் படங்கள்' வரிசையில் அந்தக் கப்பல் படம்தான் முதலிடம், உறுப்பினராகச் சேர்ந்தால் முதல் காட்சியில் முன்வரிசைக் கதிரை நிச்சயம் என்றான். மனைவி வளர்த்த பிள்ளை சொன்னால் கேட்காமல் விடலாமோ? சோமசேகரம் சேர்ந்தார்.

சேர்ந்தபிறகுதான் எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய படிப்பென்று தெரிந்தது. சாதாரண எதிர்பார்ப்போருக்குத் தோளில் குறுக்காகக் கட்டுகிற வெள்ளைப் பட்டி, தீவிர எதிர்பார்ப்போருக்கு மஞ்சள், ஆயுட்கால எதிர்பார்ப்போருக்குச் சிவப்பு. கிழமைக்குக் கிழமை பயிற்சி வகுப்பு நடந்தது. படத்தின் பெயரை அறிவிக்கிற திகதி எப்போது அறிவிக்கப்படும் என்று அறிவித்தால் கைதட்டுவதா, எழும்புவதா என்று ஒரு பின்னேரம் முழுக்க விளங்கப்படுத்தினார்கள். எழும்பிக்கொண்டே தட்டவேண்டுமாம். கூட்டத் தொடக்கத்தில் 'எதிர்பார்ப்பு வணக்கம்'. எல்லாரும் எழுந்து, வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கவேண்டும். கிண்ணியாவிலிருந்து வந்துகொண்டிருந்த றிஷானா ரீச்சர், எல்லாம் சரி, பார்க்கிறது எப்போது என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அவரைப் பதவி உயர்த்தி, இன்னும் தொடங்காத மூதூர்க் கிளைக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள்.

வணக்க நேரத்தில் மற்றவர்கள் கொட்டாவியை அடக்குவார்கள், கைபேசியை நோண்டுவார்கள். சோமசேகரம் மட்டும் உண்மையாகவே திரையைப் பார்ப்பார். அந்த வெள்ளையில் கமலாதேவி எந்தப் பக்கத்தில் நிற்பாள், பெட்டி எந்தக் கையில் இருக்கும் என்று யோசிக்க யோசிக்கக் கண் நிறைந்து வழியும். தலைவர் அதைக் கண்டுவிட்டார். பேரவை தொடங்கிய நாளிலிருந்து அவர் அப்படியொரு எதிர்பார்ப்பைக் கண்டதே இல்லை. அடுத்த கிழமையே சோமசேகரத்தை 'முன்மாதிரி எதிர்பார்ப்பாளர்' ஆக்கி, சிவப்புப் பட்டி கட்டி, மேடையில் ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்து எந்த விழா என்றாலும் அவரை ஒரு கதிரையில் இருத்தி, சனங்களுக்குக் காட்டுவார்கள். பாடசாலைப் பிள்ளைகளைக்கூட வரிசையில் கூட்டிவந்து காட்டினார்கள். கடையில் காற்றுப்போன சைக்கிள்கள் குவிந்து கிடக்கும், இங்கே மனுசன் மாலையோடு எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார்.

மாகாணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்த விழாவில் அவருக்கு மேடையில் நடுக்கதிரை. அதிகாரி தொண்டையைச் செருமிவிட்டுப் பேசினார்.

"ஒரு படத்தைப் பார்ப்பது இரண்டரை மணித்தியால வேலை. பார்த்தபின் என்ன மிச்சம்? ஏமாற்றம். எதிர்பார்ப்பில் ஏமாற்றமே கிடையாது, ஏனென்றால் அதில் ஒன்றும் நடப்பதில்லை. நீங்கள் பாலம் கேட்டீர்கள், எதிர்பார்க்க வைத்தோம். குடிதண்ணீர் கேட்டீர்கள், எதிர்பார்க்க வைத்தோம். நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது, எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. என்னுடைய சேவைக்காலத்தில் இந்த மாகாணத்தில் எதிர்பார்ப்புக்கு மட்டும் ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. வரவும் விடமாட்டேன்."

சனங்கள் எழும்பிக்கொண்டே தட்டினார்கள். பழகியிருந்தார்கள் அல்லவா.

இதற்கிடையில் பேரவையின் தலையில் இடி விழுந்தது. கப்பல் படம் வெளியாகிவிட்டது. கொழும்பில் ஓடியது, யாழ்ப்பாணத்தில் ஓடியது, மட்டக்களப்பில் ஓடி முடிந்து வேறு படமும் மாற்றிவிட்டார்கள். வரிசையில் முதலாவதாக நிற்கிற படம் வந்துவிட்டால் வரிசைக்கு என்ன கதி? வரிசை போனால் விழாவுக்கு என்ன கதி? விழா போனால் தலைவரின் கோட்டுக்கு என்ன கதி? அவசரக் கூட்டம் கூடினார்கள். சோமசேகரத்துக்கு மட்டும் சொல்லவில்லை. 'திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரையில் கப்பல் படம் இன்னும் வெளியாகவில்லை' என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பேரவைக்குப் போஷகராக இருந்தவர் ஒரு தியேட்டர் முதலாளி. படம் ஓட்டுவதைவிட எதிர்பார்ப்பு விழாவுக்கு மண்டபம் கொடுப்பதில் அவருக்கு ஆதாயம். அவரும் தலையாட்டிவிட்டார்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கடைக்குச் சைக்கிள் ரியூப் ஒட்ட வந்த ஒருவர், கப்பல் படம் போனிலேயே வந்துவிட்டதே அண்ணை என்று சொல்லிவிட்டுப் போனார். சோமசேகரத்திடம் இருந்தது பட்டன் அமத்துகிற பழைய போன், அதில் படம் பார்க்க ஏலாது. கையைக்கூடத் துடைக்காமல் நேரே இராகுலனிடம் போனார். இராகுலன் அவரைக் கதிரையில் இருத்தி, குசினிக்குள் போய்த் தானே பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தான்.

"அது களவாய் எடுத்த கொப்பி மாமா. போனில பாத்தா மாமி புளியங்கொட்டை அளவிலதான் தெரிவா. மாமியப் பெரிய திரையில பாக்கோணும். இப்ப படத்துக்கு நிறம் திருத்துறாங்களாம். கொஞ்சம் பொறுங்கோ, நான் இருக்கிறன்தானே."

அந்தக் கடைசிச் சொல்லில் சோமசேகரத்துக்கு மனம் இளகிவிட்டது. அவளை அவ்வளவு சின்னதாகப் பார்க்க அவருக்கும் விருப்பமில்லை. பிறகு யார் போனை நீட்டினாலும், வேண்டாம் தம்பி, நான் பெரிதாகப் பார்க்கப்போகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படி எத்தனை பேருடைய கையைத் தட்டிவிட்டார் அந்தப் பாவி மனுசன்.

கடைசியில் கந்தளாயில் பேரவைக்குப் புதுக்கிளை திறக்கிற நாள் வந்தது. முன்மாதிரி எதிர்பார்ப்பாளரை முன்னுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் பின்னேரம் வான் வண்டியில் வருவதாக ஏற்பாடு. கப்பல் படத்தை எப்படி எதிர்பார்க்கிறேன் என்று அவர் பத்து நிமிடம் பேசவேண்டும். சிவப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு, விடியற்காலை கொழும்பு போகிற தனியார் பஸ்ஸில் ஏறி, முன் சீற்றில் இருந்தார். எங்கள் பஸ்கள் தெரியும்தானே, சில்லுக்குக் காற்று இல்லாவிட்டாலும் சாரதியின் தலைக்குமேல் டீவி இருக்கும். ஏதோ ஒரு படம் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. சனங்கள் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. சோமசேகரம் கண்ணை மூடிப் பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார்.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியதில் கண்ணைத் திறந்தார். திரையில் ஒரு ஜெட்டி தெரிந்தது. இந்த மரத்தையும் இந்தப் படியையும் எங்கோ கண்டிருக்கிறேனே என்று நினைத்தார். சனக்கூட்டம் அழுதுகொண்டு கைகாட்டுகிறது. ஆகாயத்தில் ஒரு செருப்புச் சுழன்று போகிறது. படத்தில் அவர் இல்லை, அவருடைய செருப்பு இருந்தது. அது விழுந்து முடிய, திரை முழுக்க கமலாதேவி. பெட்டி ஒரு கையில், லேஞ்சி ஒரு கையில், ஏறின பல் தெரியச் சிரித்தாள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததென்றால் இதுதான். மனுசன் கும்பிடக்கூட மறந்து இருந்துவிட்டார். பிறகு கப்பல் வந்து அவளை மறைத்தது.

கொண்டக்டர் கிண்ணியா ஆள், நிப்றாஸ் என்று பெயர். சோமசேகரம் அவனுடைய கையைப் பிடித்து, இது என்ன படம் என்று கேட்டார்.

"கப்பல் படம்தான் ஐயா. பழைய படம். இப்ப எல்லாரும் ரெண்டாம் பாகம் எப்ப வரும் எண்டுதான் கேக்குறாங்க." நிப்றாஸின் கண் அவருடைய சிவப்புப் பட்டியில் போய் நின்றது. கப்பல் படத்தை எதிர்பார்ப்போம் என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது. அவன் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தான்.

"தம்பி, அதைத் திருப்பிப் போட ஏலுமோ? அந்தச் செருப்புப் பறக்கிற இடம்." சோமசேகரம் திரையைக் கைகாட்டினார். "அதில சிரிக்கிறது என்ட மனுசி. இப்ப இல்லை."

நிப்றாஸ் ரிமோட்டை எடுத்தான். செருப்புத் திரும்பக் கடலிலிருந்து எழும்பிக் கூட்டத்துக்குள் போனது, திரும்பப் பறந்தது, கமலாதேவி திரும்பச் சிரித்தாள். பின்சீற்றில் ஒருவர், ஏன் ஒரே இடத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று சினந்தார். ஐயாவுடைய பொஞ்சாதி படத்தில் வருகிறார் என்று நிப்றாஸ் சொன்னதும், நித்திரையானவர்களையும் தட்டியெழுப்பி எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நல்ல சிரிப்பு என்று ஒரு பெண் சொன்னாள். பேரவையில் அவ்வளவு காலம் இருந்தும், கமலாதேவியைப் பற்றி ஒருவரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

கந்தளாய் வந்தது. பஸ் நிலையத்தில் மாலையும் மேளமுமாக வரவேற்புக் குழு எதிர்பார்த்து நின்றது. பயிற்சி எடுத்தவர்கள் ஆனபடியால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சோமசேகரம் யன்னலால் அவர்களைப் பார்த்தார், பிறகு டீவியைப் பார்த்தார். இன்னொருக்கால் போடுங்கோ தம்பி என்றார். பஸ் அவரோடு ஹபரணைக்குப் போய்விட்டது. வரவேற்புக் குழு மத்தியானம் வரைக்கும் நின்று, எதிர்பார்ப்பு மிகச் சிறப்பாக நடைபெற்றதென்று தலைமைக்கு அறிவித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருடாந்தப் பெருவிழா. சோமசேகரத்துக்குப் பொன்னாடை போர்த்தி, தலைவர் அவரை இந்த நாட்டின் தலைசிறந்த எதிர்பார்ப்பாளர் என்று புகழ்ந்து, மைக்கைக் கொடுத்தார். சோமசேகரம் அதைப் பிடித்துப் பழக்கமில்லாதவர், இரண்டு கையாலும் பிடித்தார்.

"நான் பாத்திட்டன்" என்றார்.

மேடையில் குசுகுசுப்பு எழும்பியது. பரநிருபசிங்கம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, எந்த இடத்தில் வைத்துப் பார்த்தீர்கள் என்று விசாரித்தார். பஸ்ஸில், கந்தளாய் வரமுதல் என்றார் சோமசேகரம். தலைவரின் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் பிரச்சினை இல்லை. கந்தளாய் திருகோணமலை மாவட்டத்துக்குள்ளே. மாவட்டத்துக்குள்ளே அந்தப் படம் இன்னும் வெளியாகவில்லை என்பது ஏகமனதான தீர்மானம். வெளியாகாத படத்தை ஒருவர் பார்க்க இயலாது. ஆகவே ஐயா அதைப் பார்க்கவில்லை. தொடர்ந்து எதிர்பார்க்க அவருக்குப் பூரண தகுதி உண்டு."

சனங்கள் எழும்பிக்கொண்டே தட்டினார்கள். சோமசேகரம் தட்டுகிறவர்களையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் நின்ற இராகுலனைத்தான் பார்த்தார்.

"நீ பாத்தனியோ?"

இராகுலன் தலைவரின் முகத்தைப் பார்த்தான். அங்கிருந்து உதவி வரவில்லை. "ஓம் மாமா" என்றான். "படம் வந்த கிழமையே, தலைவர் வீட்டில, நாங்கள் எல்லாரும்."

"அவவைக் கண்டனியோ?"

"கண்டனான். மாமி சிரிக்கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

இராகுலன் மெல்லத்தான் சொன்னான். மைக் அவர்களுக்கு நடுவில் இருந்தபடியால் மண்டபத்துக்கே கேட்டது. "நீங்கள் பாத்திட்டா இங்க வரமாட்டீங்கள் மாமா. எங்களிட்ட உண்மையா எதிர்பாக்கிற ஆள் நீங்கள் மட்டும்தான் இருந்தீங்கள்."

சோமசேகரத்துக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். கோபம் வந்திருந்தால் நல்லது, அது வந்து போய்விடும். வளர்த்த கடா மார்பில் பாயும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். கமலாதேவி ஊட்டி வளர்த்த பிள்ளை, அவளுடைய சிரிப்பையே தன்னிடமிருந்து ஒளித்துவைத்தான் என்பதை எந்தப் பழமொழிக்குள்ளும் அடைக்க அவரால் முடியவில்லை. அவளை ஒருமுறை பார்க்க வேண்டுமென்று இவன் முன்னால் எத்தனை தரம் கண்கலங்கியிருப்பார். இவனும் பக்கத்திலிருந்து முதுகைத் தடவினானே.

பொன்னாடையைக் கழற்றினார். அதை மடித்து இராகுலனின் தோளில் போட்டார்.

"நீ பசிச்சுக்கொண்டு வந்து நிக்கேக்க அவ ஒருநாளும் உன்னைப் பொறு எண்டு சொன்னதில்லையடா" என்றார்.

மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டு, படியிறங்கி பஸ் நிலையத்தின் பக்கமாக நடந்தார். தலைவர் அவசரமாக மைக்கை எடுத்து, அடுத்த நிகழ்ச்சியாகக் கப்பல் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு எதிர்பார்ப்பு வணக்கம் என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்து, வெள்ளைத் திரையைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பொன்னாடை போட்ட இராகுலன் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.